திரை இருக்கிறது, எழுத்தைக் காணோம்: டெக்ஸ்ட் மோட் இல்லாத கிராபிக்ஸ் வன்பொருளில் பிழை நீக்கும் வழிமுறை

1987-இல் ஐபிஎம் பிஎஸ்/2 கணினிகளோடு வந்த விஜிஏ என்ற கிராபிக்ஸ் வன்பொருளுக்கு எழுத்து தெரியும். பதினாறடிமான எண்ணில் பி8000 என்ற முகவரியில் இரண்டு பைட் வைத்தால் போதும். முதல் பைட் எந்த எழுத்து என்று சொல்லும், இரண்டாவது என்ன நிறம் என்று சொல்லும். 80 பத்தி, 25 வரி, ஆக 4000 பைட்டில் முழுத் திரையும் அடங்கிவிடும். எழுத்தின் வடிவத்தைத் தேடி எடுத்துத் திரையில் வரையும் வேலை வன்பொருளுடையது. அதனால்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னல் சாகும்போதும் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சாக முடிந்தது.

டெக்ஸ்ட் மோட் என்ற இந்த வசதி இல்லாத கணினிகள் புதியவை அல்ல. அமிகா, அட்டாரி, மேகின்டாஷ், சன் பணிநிலையங்கள் எல்லாம் பிக்சல் மட்டுமே அறிந்தவை. திரையின் பிக்சல்களை வைத்திருக்கும் நினைவகப் பகுதிக்கு ஃபிரேம்பஃபர் என்று பெயர். அதில் எழுத்தை வரையும் லினக்ஸின் ஃபிரேம்பஃபர் கன்சோலே அமிகா, அட்டாரிக்கான கிளையில் பிறந்து பிறகு பிசிக்கு வந்து சேர்ந்ததுதான். இன்று பழைய துவக்க மென்பொருளான பயாஸின் இணக்கத்தை விட்டொழித்து, அதன் வாரிசான யூஇஎஃப்ஐயில் துவங்கும் கணினிகள், ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய பலகைகள், மெய்நிகர் கணினிகள் பலவும் அதே நிலையில் இருக்கின்றன. இவற்றில் ஓர் எழுத்து திரையில் தெரிய வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து அதைப் பிக்சல் பிக்சலாக வரைந்தாக வேண்டும்.

அந்த "யாராவது" துவக்கத்தின்போது மூன்று முறை மாறுகிறார். முதலில் கணினிப் பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் வரைகிறது. பிறகு கெர்னலை ஏற்றும் பூட் லோடர் (லினக்ஸில் பெரும்பாலும் கிரப்). பிறகு கெர்னலுக்குள் இருக்கும் பொதுவான ஓர் இயக்கி, ஃபர்ம்வேர் விட்டுச்சென்ற ஃபிரேம்பஃபரை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கடைசியாக அட்டைக்கே உரிய இயக்கி வந்து பொதுவானதை வெளியேற்றிவிட்டு அமர்கிறது. திரை இருண்டால் நான் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக என்ன தெரிந்தது என்பதுதான். அதற்கான பதிலிலேயே கோளாறு எந்தக் கைமாற்றத்தில் என்பது பாதி புரிந்துவிடும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் துவக்க அளவுருக்களையும் ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

எதற்கும் முன்: கணினி உயிரோடு இருக்கிறதா?

இருண்ட திரையைப் பார்த்ததும் மின்பொத்தானை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது, வரைய ஆள் இல்லை, அவ்வளவுதான். மடிக்கணினியில் அந்த விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால் கெர்னல் பேனிக், அதாவது மீள முடியாத பிழையில் கெர்னல் நின்றுவிட்டது என்று பொருள். வலைப்பின்னலில் இருக்கும் கணினியென்றால் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலை உள்நுழைவு வழியாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் இனி எல்லாம் சுலபம்.

ஒருமுறை நானே கெர்னலைத் தொகுத்தேன். தேவையில்லாததையெல்லாம் கழிக்கிறேன் என்று, விஜிஏ கன்சோல் இருக்கிறதே என்ற நினைப்பில் ஃபிரேம்பஃபர் கன்சோலைக் கழித்துவிட்டேன். அரை நாள் கேபிளை மாற்றிக்கொண்டும் திரையை மாற்றிக்கொண்டும் இருந்தேன். கணினியோ ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் துவங்கி, பயனர் பெயரைக் கேட்டுக்கொண்டு இருட்டில் காத்திருந்தது.

அறிகுறி: கிரப் பட்டியல் தெரிகிறது, கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் இருட்டு

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். "கிரப்பில் எழுத்து தெரிகிறதே, அப்படியானால் அட்டைக்கு டெக்ஸ்ட் மோட் இருக்கத்தானே வேண்டும்?" என்பார்கள். இல்லை. கிரப் காட்டும் எழுத்தை ஃபர்ம்வேர் வரைந்துகொடுத்திருக்கலாம், கிரப்பே வரைந்திருக்கலாம். கெர்னல் பொறுப்பேற்கும் நொடியில் யூஇஎஃப்ஐயின் துவக்கச் சேவைகள் மூடப்படுகின்றன. ஃபர்ம்வேரின் எழுத்துச் சேவையும் அதோடு போய்விடுகிறது. மிஞ்சுவது நினைவகத்தில் ஒரு ஃபிரேம்பஃபரும், அதன் முகவரி, அகலம், உயரம், பிக்சல் அமைப்பு ஆகிய விவரங்களும்தான்.

அந்த விவரங்கள் கெர்னலுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று முதலில் பாருங்கள். இருட்டுக்கு முன் "நோ சூட்டபிள் வீடியோ மோட் ஃபவுண்ட், பூட்டிங் இன் பிளைண்ட் மோட்" என்று ஒரு வரி மின்னி மறைந்ததா? கிரப்புக்குத் திரை மாடியூல் கிடைக்கவில்லை. கிரப் அமைப்புக் கோப்பில் இன்ஸ்மாட் கட்டளையால் "ஆல் அடிக்கோடு வீடியோ" மாடியூலை ஏற்றுங்கள். "ஜிஎஃப்எக்ஸ்பேலோட்" மாறிக்கு "கீப்" என்ற மதிப்பைக் கொடுங்கள். அந்த மாறியில் "டெக்ஸ்ட்" என்று யாரோ எப்போதோ போட்டுவைத்த பழைய அமைப்பு இன்னும் பல கணினிகளில் தொடர்கிறது. பயாஸ் காலத்தில் அது நல்ல அறிவுரை. இப்போது, இல்லாத ஒன்றைக் கேட்பதாகிவிடுகிறது.

விவரங்கள் போய்ச் சேர்ந்தும் இருட்டு என்றால் கெர்னலில் ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வழி ஈஎஃப்ஐ ஃபிரேம்பஃபர் இயக்கி. புதிய வழி சிம்பிள்டிஆர்எம், இது 2021-இல் லினக்ஸ் 5.14-இல் வந்தது. இரண்டில் ஒன்று கெர்னலிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். தனி மாடியூலாக இருந்தால், அது ஏறும்வரை திரை இருட்டுதான். கூடவே ஃபிரேம்பஃபர் கன்சோலும் வேண்டும், ஏனென்றால் இயக்கி பிக்சலை மட்டுமே தரும், எழுத்தை வரைவது கன்சோல்.

எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய முடிந்தால் கெர்னல் பதிவில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். முதலாவது "கன்சோல்: கலர் டம்மி டிவைஸ் 80×25". இந்த டம்மி என்பவர் எழுத்தை வாங்கி எங்கேயும் காட்டாமல் விழுங்கிவிடுபவர். டெக்ஸ்ட் மோட் இல்லாத கணினியில் முதல் சில கணங்கள் அவர்தான் பொறுப்பில் இருப்பார், அதில் தவறில்லை. சற்றுக் கீழே "ஸ்விட்சிங் டு கலர் ஃபிரேம் பஃபர் டிவைஸ் 240×67" என்பது போன்ற இரண்டாவது வரி வர வேண்டும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1920-ஐ எழுத்தின் அகலமான 8-ஆல் வகுத்தால் 240, 1080-ஐ எழுத்தின் உயரமான 16-ஆல் வகுத்தால் 67, மீதி அரை வரி வீண். இரண்டாவது வரி வரவே இல்லையென்றால் டம்மி இன்னும் நாற்காலியை விடவில்லை.

"பிராக்" அடைவில் உள்ள "எஃப்பி" கோப்பைத் திறந்தால் இப்போது யார் வரைகிறார் என்பது ஒரே வரியில் தெரியும். அதில் "ஈஎஃப்ஐ விஜிஏ" என்று இருந்தால் விஜிஏ இருப்பதாக நினைத்து ஏமாற வேண்டாம். பெயர் அப்படி வைத்துவிட்டார்கள், அவ்வளவே.

அறிகுறி: தயாரிப்பாளர் சின்னம் அப்படியே நிற்கிறது, கணினி மட்டும் ஓடுகிறது

பெரும்பாலும் இது கோளாறே அல்ல. துவக்கம் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று, முதல் எழுத்து வரும்வரை கன்சோல் திரையைத் தொடாமல் காத்திருக்கும் ஓர் ஏற்பாடு லினக்ஸில் உண்டு. கெர்னலுக்கு அளவுருக்களைத் தரும் துவக்க வரியிலிருந்து "கொயட்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அல்லது "எஃப்பிகான்=நோடிஃபர்" என்று சேருங்கள்.

அறிகுறி: செய்திகள் ஓடுகின்றன, சில நொடிகளில் திரை உறைகிறது அல்லது இருண்டுவிடுகிறது

இது மூன்றாவது கைமாற்றம். அட்டைக்குரிய இயக்கி வந்ததும் முதல் வேலையாகப் பொதுவான இயக்கியை வெளியேற்றும். இரண்டு பேர் ஒரே நினைவகத்தில் வரைய முடியாதே. வெளியேற்றிய பிறகு தன் வேலையில் தோற்றுப்போனால், வெளியேற்றப்பட்டவர் திரும்பி வரமாட்டார். விஜிஏ காலத்தில் இப்படி நேர்ந்தால் டெக்ஸ்ட் மோடுக்காவது திரும்பலாம். இங்கே அந்தத் தரை இல்லை.

சோதிக்க, கிரப்பில் துவக்க வரியின் கடைசியில் "நோமோட்செட்" என்று ஒரே சொல்லாகச் சேருங்கள். அட்டைக்குரிய இயக்கி ஒதுங்கிக்கொள்ளும், பொதுவான இயக்கியே கடைசிவரை வரையும். இப்போது திரை வந்துவிட்டால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது. முந்தைய துவக்கத்தின் பதிவை ஜர்னலில் எடுத்து "ஃபர்ம்வேர்" என்ற சொல்லைத் தேடுங்கள். "டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ... ஃபெயில்டு வித் எரர் −2" என்ற வரி இருந்தால், அட்டைக்குத் தேவையான ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். புத்தம்புது ஏஎம்டி அட்டையும் பழைய லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பும் சேரும்போது அடிக்கடி காண்பது இது. தொகுப்பைப் புதுப்பித்தபின், கெர்னலோடு முதலில் ஏறும் துவக்க வட்டுப் படிமத்தையும் (இனிட்ராம்எஃப்எஸ்) மறுபடி உருவாக்குங்கள். கோப்பு வட்டில் இருந்தும், இயக்கி ஏறும் நேரத்தில் படிமத்துக்குள் இல்லையென்றால் பயனில்லை. இந்த இரண்டாவது படியை மறந்துவிட்டு "புதுப்பித்தும் சரியாகவில்லை" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

மறையாக்கிய வட்டு உள்ள கணினியில் கடவுச்சொல் கேட்கும் திரை மட்டும் வராமலிருப்பதும் இதே குடும்பம்தான். அட்டை இயக்கி படிமத்துக்குள் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கடவுச்சொல்லைத் தட்டி என்டர் அழுத்திப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், பலமுறை எனக்கு அது கைகொடுத்திருக்கிறது.

நோமோட்செட் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது, ஆனால் தெளிவுத்திறனை மாற்ற முடியவில்லை என்று அடுத்த புகார் வரும். முடியாதுதான். திரை அளவை மாற்றும் சேவை ஃபர்ம்வேரிடம் இருந்தது, துவக்கச் சேவைகள் மூடியபோதே அது போய்விட்டது. பொதுவான இயக்கிக்குக் கிடைத்தது ஒரே அளவில் சட்டமிட்ட பலகை. வேறு அளவு வேண்டுமானால் கிரப்பிலேயே "ஜிஎஃப்எக்ஸ்மோட்" மாறியில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நோமோட்செட் ஒரு சோதனைக் கருவி. அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டு "கணினி மெதுவாக இருக்கிறது" என்று குறை சொல்லக் கூடாது.

அறிகுறி: படம் சாய்ந்து கிழிகிறது, அல்லது சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன

நிறம் இடம் மாறினால் பிக்சல் வரிசை தவறு. ஒரு பிக்சலுக்கு நான்கு பைட், அதில் நீலம் முதலில் வருகிறதா சிவப்பு முதலில் வருகிறதா என்பதை ஃபர்ம்வேர் சொல்லும். சொன்னதைக் கேட்காமல் ஊகித்த நிரலில் நீல வானம் செம்மண் நிறத்தில் இருக்கும்.

சாய்வு இன்னும் சுவையானது. திரையின் அகலம் 1366 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கால் பெருக்கினால் 5464 பைட். இது 64-ஆல் வகுபடாது. அதனால் வன்பொருள் ஒவ்வொரு வரியையும் 5504 பைட்டாக நீட்டி வைத்துக்கொள்ளலாம், அதாவது 1376 பிக்சல். கண்ணுக்குத் தெரிவது 1366, நினைவகத்தில் கிடப்பது 1376. இயக்கி 1366 என்றே கணக்குப் போட்டால் அடுத்தடுத்த வரி ஒவ்வொன்றும் 10 பிக்சல் இடப்பக்கம் வழுக்கும். நூறாவது வரியில் 1000 பிக்சல் வழுக்கியிருக்கும். படம் மூலைவிட்டமாகச் சரிவது இதனால்தான்.

ஈஎஃப்ஐ ஃபிரேம்பஃபர் இயக்கியில் இதைக் கையாலேயே திருத்தலாம்: "வீடியோ=ஈஎஃப்ஐஎஃப்பி:ஸ்டிரைட்:1376". எண்ணைப் பிக்சலில் கொடுங்கள், பைட்டுக்கு மாற்றுவதை இயக்கி பார்த்துக்கொள்ளும். சரியான எண் தெரியாதபோது, சாய்வின் அளவை வைத்தே கணக்கிட்டுவிடலாம்.

அறிகுறி: எழுத்து தெரிகிறது, ஆனால் ஆமை வேகத்தில் உருள்கிறது

விஜிஏவில் ஒரு திரையை நகர்த்த 4000 பைட்டைத் தொட்டால் போதும். 1920×1080 திரையில் அதே வேலைக்கு 82,94,400 பைட்டைத் தொட வேண்டும், இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். அதுவும் அட்டையின் நினைவகத்திலிருந்து படித்து அங்கேயே எழுதினால், படிப்பதுதான் கொல்லும். சிம்பிள்டிஆர்எம் முதன்மை நினைவகத்தில் ஒரு நகலை வைத்துக்கொண்டு, மாறிய பகுதியை மட்டும் அட்டைக்கு அனுப்புகிறது. பழைய இயக்கியில் இருந்தால் மாறிக்கொள்ளுங்கள். மாற முடியாதென்றால் செய்திகளைக் குறையுங்கள். ஆயிரக்கணக்கான வரிகளைத் திரையில் கொட்டும் பிழைத்திருத்த நிலையில் கணினி துவங்க நிமிடக்கணக்கில் ஆனால், குறை வட்டில் இல்லை, ஓவியரிடம் இருக்கிறது.

அறிகுறி: எறும்பு அளவு எழுத்து, அல்லது திரை பக்கவாட்டில் கிடக்கிறது

3840×2160 திரையில் 8×16 எழுத்துரு என்றால் 480 பத்தி, 135 வரி. பூதக்கண்ணாடி வேண்டும். துவக்க வரியில் "எஃப்பிகான்=ஃபாண்ட்:டெர்16×32" என்று டெர்மினஸ் எழுத்துருவைக் கேட்கலாம், பெருக்கல் குறிக்குப் பதில் எக்ஸ் எழுத்து. கெர்னலில் அது கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் துவங்கியபின் செட்ஃபாண்ட் கட்டளை இருக்கிறது. பக்கவாட்டில் கிடந்தால் "எஃப்பிகான்=ரொட்டேட்:1" வலப்பக்கம் கால்வட்டம் திருப்பும், 2 தலைகீழாக்கும், 3 இடப்பக்கம் திருப்பும். டேப்லட்டுக்குச் செய்த திரைகளை மடிக்கணினியில் பொருத்தும்போது இது நேரும்.

அறிகுறி: ஷிஃப்ட், பேஜ் அப் அழுத்தினால் பழைய வரிகள் வரவில்லை

உங்கள் விசைப்பலகை நன்றாகத்தான் இருக்கிறது. ஃபிரேம்பஃபர் கன்சோலின் பின்னோக்கி உருட்டும் வசதி 2020-இல் லினக்ஸ் 5.9-இல் நீக்கப்பட்டது. பராமரிக்க ஆளில்லாத நிரல், அதில் பாதுகாப்புக் கோளாறு வேறு. நீண்ட வெளியீட்டை உருட்டிப் பார்க்க உதவும் லெஸ், டிமக்ஸ் போன்றவற்றைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் கட்டங்களாகத் தெரிகின்றன

இது எனக்கு ஆறாத வருத்தம். பிக்சல் பிக்சலாக வரைகிற ஒருவருக்குத் தமிழ் வரைவது என்ன கடினம் என்று தோன்றும். ஆனால் லினக்ஸின் கன்சோல் விஜிஏ காலத்துச் சட்டைக்குள்ளேயே இருக்கிறது: ஒரு நேரத்தில் 256 அல்லது 512 வடிவங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம். "கொ" என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் பகுதியே அதில் கிடையாது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, நேரத்தை வீணாக்காதீர்கள். வரைகலைச் சூழலில் ஒரு டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள், அல்லது கெர்னலுக்கு வெளியே ஓடும் கேஎம்எஸ்கான் போன்ற கன்சோலை முயன்று பாருங்கள்.

அறிகுறி: கணினி உறைகிறது, ஏன் என்று ஒரு சொல்லும் இல்லை

வரைகலைச் சூழல் ஓடும்போது கெர்னல் பேனிக் வந்தால், முன்பு டம்மென்று திரை அப்படியே நின்றுவிடும். வரைகிறவர் கையைக் கட்டிப்போட்டது போன்ற நிலை அது. 2024-இல் லினக்ஸ் 6.10-இல் வந்த டிஆர்எம் பேனிக் என்ற பகுதி, சாகும் தறுவாயிலும் திரையில் செய்தியை வரைய வழி செய்கிறது. 6.12-இல் அந்தச் செய்தியை கியூஆர் குறியாகக் காட்டவும் செய்தார்கள். உங்கள் அட்டையின் இயக்கி அதை ஆதரிக்க வேண்டும்.

பழைய கெர்னலில் மூன்று வழிகள் உண்டு. சீரியல் போர்ட் இருந்தால் "கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200". அதை வரியின் கடைசியில் போட்டால் துவக்கச் செய்திகளின் முதன்மை இடமாகவும் அதுவே ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள், திரையில் உள்நுழைவு மட்டும் வந்து நடுவில் ஒன்றும் தெரியாமல் போவது அதனால்தான். துவக்கத்தின் முதல் கணங்களிலேயே செத்தால் "இயர்லிகான்=ஈஎஃப்ஐஎஃப்பி", கூடவே "கீப் அடிக்கோடு பூட்கான்". மெதுவாக இருக்கும், ஆனால் டம்மி விழுங்கும் வரிகளும் தெரியும். மூன்றாவது பிஸ்டோர்: கெர்னலின் கடைசி வரிகளை யூஇஎஃப்ஐ மாறிகளில் எழுதிவைத்துவிட்டுச் சாகும், அடுத்த துவக்கத்தில் எடுத்துப் படிக்கலாம்.

அறிகுறி: மெய்நிகர் கணினியில் மட்டும், அல்லது ஃபிரீபிஎஸ்டியில் மட்டும் இருட்டு

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஇமுவில் "போக்ஸ்-டிஸ்ப்ளே" சாதனத்துக்கும் "விர்ட்ஐஓ-ஜிபியு-பிசிஐ" சாதனத்துக்கும் விஜிஏ கிடையாது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள், குறைவான நிரல் என்றால் தாக்குதலுக்குக் குறைவான இடம். உள்ளே ஓடும் இயங்குதளம் டெக்ஸ்ட் மோடை எதிர்பார்த்தால் "விர்ட்ஐஓ-விஜிஏ" என்று மாற்றுங்கள்.

அட்டையை அப்படியே மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கும்போது நினைவகப் பகுதியை ஒதுக்க முடியவில்லை என்று பிழை வந்தால், தாய்க் கணினியின் பொதுவான இயக்கி அந்த ஃபிரேம்பஃபரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய கெர்னலில் "வீடியோ=ஈஎஃப்ஐஎஃப்பி:ஆஃப்" போதும். சிம்பிள்டிஆர்எம் உள்ள கெர்னலில் "இனிட்கால் அடிக்கோடு பிளாக்லிஸ்ட்=சிஸ்எஃப்பி அடிக்கோடு இனிட்" தேவைப்படும்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான ஃபிரீபிஎஸ்டியின் பழைய கன்சோலான சிஸ்கான்ஸ் யூஇஎஃப்ஐயில் வேலை செய்யாது. 2016-இல் வந்த 11.0 முதல் "விடி" கன்சோல்தான் இயல்பு. பழைய அமைப்புக் கோப்பில் "கெர்ன்.விடிஒய்" மாறிக்கு "எஸ்சி" என்ற மதிப்பு கிடந்தால் அதை எடுத்துவிடுங்கள். திரை அளவை மாற்ற, துவக்கியின் கட்டளை வரியில் "ஜிஓபி லிஸ்ட்" தட்டிப் பட்டியலைப் பார்த்து, "ஜிஓபி செட்" என்பதோடு எண்ணைக் கொடுங்கள்.

அறிகுறி: நானே எழுதும் இயங்குதளம், பி8000-இல் எழுதுகிறேன், ஒன்றும் வரவில்லை

பழைய பாடங்களைப் பார்த்து இயங்குதளம் எழுதத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் வந்து முட்டும் சுவர் இது. யூஇஎஃப்ஐ வழியாகத் துவங்கிய கணினியில் அந்த முகவரியில் எழுதினால் கேட்க ஆளில்லை. துவக்கச் சேவைகளை மூடுவதற்கு முன்பே கிராபிக்ஸ் அவுட்புட் புரோட்டோகாலிடம் ஃபிரேம்பஃபர் முகவரி, அகலம், உயரம், ஒரு வரிக்கான பிக்சல் எண்ணிக்கை, பிக்சல் அமைப்பு ஐந்தையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு கேட்க முடியாது.

பிறகு ஓர் எழுத்துரு வேண்டும். 8×16 கட்டம் என்றால் ஓர் எழுத்துக்கு 16 பைட், வரிசைக்கு ஒன்று. சோதனைக்கு "ட" எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட எளிதான எழுத்து இல்லை. முதல் நான்கு வரிசை 0. அடுத்த எட்டு வரிசை 192, அதாவது இடப்பக்கம் இரண்டு பிட் மட்டும் எரியும். அடுத்த இரண்டு வரிசை 254, அடிக்கோடு வலப்பக்கம் நீளும். கடைசி இரண்டு வரிசை மறுபடி 0. ஒவ்வொரு பிட்டாகப் பார்த்து, 1 என்றால் முன்நிறத்தையும் 0 என்றால் பின்நிறத்தையும் நான்கு பைட்டாக எழுதுங்கள். அடுத்த வரிசைக்கு இறங்கும்போது அகலத்தை அல்ல, ஒரு வரிக்கான பிக்சல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். திரையின் இடது மேல் மூலையில் வெள்ளையாக ஒரு "ட" நின்றால் மீதி எழுத்துகளுக்கு வெறும் அட்டவணைதான் வேண்டும். அது சாய்ந்து நின்றால், 1366 கணக்கை மறுபடி படியுங்கள்.